ஆறு ஜோடி ரிங்குகள்

என் பட்டறை அலமாரியின் மேல்தட்டில் ஆறு ஜோடி ரிங்குகள் இருக்கின்றன. துப்பாக்கியின் முதுகில் ஸ்கோப் என்கிற தொலைநோக்கிக் குழாயைப் பிடித்து நிறுத்தும் அலுமினிய வளையங்கள். குட்டையிலிருந்து நெட்டை வரை வரிசையாக வைத்திருக்கிறேன். முதல் ஜோடி ஸ்கோப்போடு பெட்டியில் வந்தது. மற்ற ஐந்தும் நான் கடைந்தவை. பட்டறைக்கு வருகிறவர்கள் அண்ணாந்து பார்த்துவிட்டு அது என்ன என்று கேட்பார்கள். ஏதோ பழைய ஆர்டர் என்று சொல்லி வாயை அடைத்துவிடுவேன். நான் முன்கோபி என்பது திண்டிவனம் ரோடு முழுக்கத் தெரியும். அதனால் இரண்டாம் முறை யாரும் கேட்பதில்லை.

செஞ்சியில் லேத் போட்டு இருபத்து மூன்று வருஷம் ஆகிறது. மோட்டார் ஷாஃப்ட், டிராக்டர் பின், கரும்பு மெஷினுக்கு புஷ் என்று எது உடைந்தாலும் என்னிடம்தான் கொண்டுவருவார்கள். வல்லத்திலிருந்தும் பனமலையிலிருந்தும்கூட வருவார்கள். தேய்ந்து போனதை அளந்து பார்த்து, புதிதாக ஒன்றைக் கடைந்து, இறுக்கி அனுப்பிவிடுவேன். செய்ய முடியாது என்று சொல்லித் திருப்பி அனுப்பியது மிகவும் குறைவு. அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. உண்டு என்ன, நிறையவே இருந்தது.

எனக்கு ஒரே தம்பி. எட்டு வயது இளையவன், கல்யாணம் ஆகவில்லை. எங்களோடு ஒரே வீட்டில் பின்கட்டு அறையில் இருக்கிறான். நைனா விட்டுவிட்டுப் போன ஒன்றரை ஏக்கர், செஞ்சிக் கோட்டையின் மலைகளில் ஒன்றான கிருஷ்ணகிரிக்குப் பின்னால் இருக்கிறது. நான் இரும்பைப் பிடித்துக்கொண்டேன், அவன் நிலத்தைப் பிடித்துக்கொண்டான். மல்லாட்டைதான் போடுவான். மல்லாட்டை என்றால் வேர்க்கடலை, எங்கள் பக்கத்தில் யாரும் வேர்க்கடலை என்று சொல்லிப் பேசுவதில்லை.

முப்பது வயதுக்குப் பிறகு அவனுக்கு முதுகுவலி வந்தது. காலையில் கட்டிலை விட்டு எழுந்திருக்கவே அரைமணி நேரம் ஆகும். எழுந்து நடமாடினால் குறையும், படுத்தால் மறுபடி பிடித்துக்கொள்ளும். படுத்தால் வலிக்கிறது என்று சொன்ன மனிதனை நான் அதுவரை பார்த்ததில்லை. சோம்பேறித்தனம் என்று நினைத்தேன். நினைத்ததோடு நிற்கவில்லை, சொல்லவும் சொன்னேன். சூடு பிடித்திருக்கிறது, வாயு என்று ஆளுக்கொரு பேர் வைத்து எண்ணெய் தடவினோம். கொஞ்சம் கொஞ்சமாக அவன் ஏர் ஓட்டுவதை விட்டான், களை எடுப்பதை விட்டான், கடைசியில் அந்த வேலைகளுக்கெல்லாம் ஆள் வைத்துவிட்டு அவன் காவலுக்கு மட்டும் போனான். நிலத்தில் அவனுக்கென்று மிஞ்சிய வேலை அது ஒன்றுதான். அதையும் விட்டுவிட்டால் அவன் வீட்டில் சும்மா உட்கார்ந்து சாப்பிடுகிறவனாகிவிடுவான். அவன் அப்படிச் சொன்னதில்லை. ஆனால் அவனுடைய பயம் அதுதான் என்று எனக்கும் என் மனைவிக்கும் தெரியும்.

காவல் என்றால் குரங்குக் காவல். கோட்டைக்குச் சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் பிஸ்கட்டும் வாழைப்பழமும் போட்டு வளர்த்த குரங்குகள், கூட்டம் வராத நாட்களில் மலையின் இந்தப் பக்கம் இறங்கிவிடும். காய் பிடிக்கிற சமயம் பார்த்து வந்து செடியை வேரோடு பிடுங்கும். ஒரு செடியில் நாலு காய் தின்றுவிட்டு அடுத்த செடிக்குப் போகும். அடிக்கவும் முடியாது. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும், சனிக்கிழமை ஆஞ்சநேயருக்கு வெற்றிலை மாலை சாத்துகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமை குரங்கின் மேல் கை ஓங்குவார்களா? பக்கத்து நிலத்துக்காரர்கள் வெடி போட்டார்கள். என் தம்பி வேறு வழி கண்டுபிடித்தான். பழைய எண்ணெய் டின்களை நிலத்தைச் சுற்றிப் பனை மரத்திலும் வேப்ப மரத்திலும் ஏழு இடத்தில் தொங்கவிட்டான். நடுவில் ஒரு வேம்பின் நிழலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டான். குரங்கு எந்தப் பக்கம் இறங்குகிறதோ அந்தப் பக்கத்து டின்னை ஏர்கன்னால் சுடுவான். ஈயக் குண்டு பட்டதும் டங்கென்று ஒரு சத்தம். கூட்டம் மொத்தமும் மலைக்கு ஓடிவிடும். ஒரு குரங்குக்கும் காயம் கிடையாது.

அந்த ஏர்கன் லைசென்ஸ் தேவைப்படாத சாதாரண ரகம். குழலைக் கீழே மடக்கினால் உள்ளே ஸ்பிரிங் ஏறும், குண்டைப் போட்டு மூடிவிட்டுச் சுடவேண்டும். நன்றாகவே சுடுவான். நூறு அடிக்கு மேல் தள்ளியிருக்கிற டின்னில் அவன் குறி தப்பி நான் பார்த்ததில்லை. அப்புறம் ஒரு வருஷம் அவன் கண் சிவந்து சிவந்து போயிற்று. சொட்டு மருந்து போட்டால் சரியாகும், இரண்டு மாதத்தில் மறுபடி சிவக்கும். குழல் நுனியில் இருக்கிற குறிமுள் கலங்கலாகத் தெரிகிறது என்றான். போனில் பார்த்து ஒரு ஸ்கோப் வரவழைத்தான். கண்ணும் முதுகும் ஒரே நோயின் இரண்டு கைகள் என்று அப்போது எங்களுக்கு யார் சொல்வார்கள்?

பெட்டியில் வந்த ரிங் ஏழு எம்.எம். உயரம். மாட்டிப் பார்த்தால் ஸ்கோப்பின் அகன்ற முன்வாய் குழலில் இடித்துக்கொண்டு நின்றது. எடுத்துக்கொண்டு பட்டறைக்கு வந்தான். எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. பம்புசெட் புஷ்ஷைக் கடைந்து கடைந்து சலித்துப்போனவனுக்கு இப்படி ஒரு வேலை எப்போது வரும்? இரண்டு நாள் போனில் வீடியோ பார்த்துப் பாடம் படித்தேன். ரிங் எவ்வளவு குட்டையோ அவ்வளவு நல்லது. முன்வாய்க்கும் குழலுக்கும் நடுவில் ஒரு காசு நுழைகிற இடைவெளி போதும். ஆனால் அதைவிட முக்கியமான கணக்கு கன்னத்துடையது. கண்ணை மூடிக்கொண்டு, கன்னத்தைத் துப்பாக்கியின் மரக்கட்டையின் மேல் இயல்பாகச் சாய்த்து, அப்புறம் கண்ணைத் திறக்க வேண்டும். திறந்ததும் முழு வட்டமாக வெளிச்சம் தெரிந்தால் ரிங் சரியான உயரம். ஓரத்தில் பிறை மாதிரி கறுப்பு விழுந்தால் சரியில்லை.

நான் என் கன்னத்தைச் சாய்த்துப் பார்த்தேன். அங்கேதான் தப்பு செய்தேன். நாங்கள் இரண்டு பேரும் ஒரே உயரம், ஒரே உடல்வாகு. தீபாவளிக்கு ஒரே அளவில் சட்டை எடுக்கிறவர்கள். என் கண்ணுக்குச் சரியாக இருந்தால் அவன் கண்ணுக்கும் சரியாகத்தானே இருக்கும்? பத்து எம்.எம். என்று முடிவு செய்து ஒரு ஜோடி கடைந்தேன். உள்வட்டம் இருபத்தைந்து புள்ளி நாலு. வெர்னியரை வைத்து நாலு தடவை அளந்தேன். கண்ணை மூடி, சாய்ந்து, திறந்தால் முழு நிலா. அவனைக் கூப்பிட்டேன்.

அவன் கண்ணை மூடிச் சாய்ந்தான். திறந்தான். கறுப்பாக இருக்கிறது என்றான். இன்னும் சாய் என்றேன். சாய்கிறேன் என்றான். அவன் கன்னத்துக்கும் கட்டைக்கும் நடுவில் இரண்டு விரல் நுழைகிற சந்து இருந்தது. துப்பாக்கியைத் தூக்கிக் கன்னத்தில் முட்டக் கொடுத்தான். அப்போது அடிக்கட்டை தோளிலிருந்து நழுவிற்று. எனக்குக் கோபம் வந்தது. ராத்திரியும் பகலுமாக நான் கடைந்து கொடுத்திருக்கிறேன், இவனுக்குத் தலையைச் சாய்க்க வலிக்கிறதா? அவன் பின்னந்தலையில் கை வைத்து அழுத்தினேன்.

தலை இறங்கவில்லை. தோள் இறங்கிற்று, இடுப்பு இறங்கிற்று, ஆள் மொத்தமும் ஒரு பக்கமாக இறங்கினான். கழுத்து மட்டும் அப்படியே நின்றது. அவன் கத்தவில்லை. மூக்கால் ஒரு சத்தம் வந்தது, அவ்வளவுதான். துருப்பிடித்து ஜாமான பேரிங்கைக் கையால் திருகிப் பார்க்கும்போது ஒரு கணத்தில் தெரிந்துபோகும், இது இனி திரும்பாது என்று. என் கைக்கு அது தெரிந்தது. கையை எடுத்துக்கொண்டேன். இன்றைக்கும் சில சமயம் அந்த வலது கை எனக்குப் பிடிக்காமல் போகிறது.

அடுத்த வாரம் புதுச்சேரியில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். ரத்தம் எடுத்தார்கள், படம் எடுத்தார்கள். அந்த நோயின் பேரை நான் இன்னும் ஒரே மூச்சில் சொன்னதில்லை. டாக்டர் நல்ல மனிதர், படத்தை வெளிச்சத்தில் பிடித்து எனக்குக் காட்டினார். முதுகெலும்பின் கண்ணிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வருகின்றன. கீழிருந்து ஆரம்பித்துக் கழுத்து வரை வந்துவிட்டது. இத்தனை வருஷம் ஏன் வரவில்லை என்று கேட்டார். ஒட்டினதைப் பிரித்துவிட முடியாதா என்று மட்டும் கேட்டேன். ஒட்டியது ஒட்டியதுதான், இனி ஒட்டப்போவதை மெதுவாக்கலாம், ஊசி இருக்கிறது, உடற்பயிற்சி இருக்கிறது என்றார். நான் மறுபடி அதையே வேறு மாதிரி கேட்டேன். அவரும் பொறுமையாக அதே பதிலை வேறு மாதிரி சொன்னார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவன் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தான். வெளியே பார்க்க அவன் உடம்பு முழுவதையும் திருப்பவேண்டியிருந்தது. எத்தனையோ தடவை அவனோடு பஸ்ஸில் போயிருக்கிறேன், அன்றுதான் கவனித்தேன்.

பட்டறைக்கு வந்ததும் நான் செய்த முதல் காரியம் அவனை ஸ்டூலில் நேராக உட்காரவைத்து, துப்பாக்கியைத் தோளில் கொடுத்து, கட்டைக்கும் கண் பாப்பாவுக்கும் நடுவில் அளந்ததுதான். தலையைச் சாய்க்காதே, உனக்கு எப்படி வருகிறதோ அப்படியே இரு என்றேன். கணக்குப் போட்டதில் ரிங்குக்குப் பதினெட்டு எம்.எம். உயரம் வந்தது. அன்று சாயங்காலத்துக்குள் ரிங் தயார். சீட் கவர் கடையில் ரெக்ஸின் வாங்கி, பைக் சீட்டு ஸ்பாஞ்சை வெட்டி, கன்னத்துக்கு ஒரு திண்டு வைத்துக் கட்டினேன். கண்ணை மூடினான், திறந்தான்.

"ரவுண்டா தெரியுதுணா" என்றான்.

மறுநாள் நிலத்தில் ஏழு டின்னையும் வரிசையாக அடித்தான். நான் நாற்காலிக்குப் பின்னால் நின்று எண்ணினேன். அன்று வீட்டுக்கு வந்து மனைவியிடம் டாக்டருக்குத் தெரியாதது எனக்குத் தெரியும் என்கிற தோரணையில் என்னவெல்லாமோ பேசினேன். நோய் முதுகில் ஏறினால் நான் ரிங்கை ஏற்றுவேன். எனக்கு அது அவ்வளவு சுலபமாகத் தோன்றிற்று.

அந்த வருஷம் ஆயுத பூஜைக்கு லேத், டிரில்லிங் மெஷின், வெர்னியர், ஸ்பேனர் எல்லாவற்றுக்கும் என் மனைவி பொட்டு வைத்தாள். கொழுந்தனின் துப்பாக்கியையும் வாங்கி வைத்துக்கொண்டாள். ஸ்கோப்பின் கண்ணாடியில் சந்தனத்தைக் கொண்டுபோனபோது நான் கத்தினேன். கண்ணாடியில் வைக்காதே, கீறல் விழும், வேறு எங்கேயாவது வை. அவள் முறைத்துக்கொண்டே துப்பாக்கியைக் கவிழ்த்து, அடிப்பக்கத்தில் குழல் மடங்குகிற மூட்டின் மேல் கட்டியாகச் சந்தனம் அப்பி, நடுவில் குங்குமம் வைத்தாள். அங்கே வைத்தால் யாருக்கும் இடைஞ்சல் இல்லையே என்று சொல்லிக்கொண்டாள்.

பொங்கலுக்கு முன்னால் அவன் ஒரு துண்டுச்சீட்டோடு வந்தான். ஸ்கேல் வைத்து அவனே அளந்து எழுதியிருந்தான். இருபத்தாறு. மறுபடி கறுப்பு விழுகிறது, தலை இன்னும் நிமிர்ந்துவிட்டது என்றான். முதல் நாள்தான் நான் ஆஸ்பத்திரியில் ஒரு பெரிய கூத்து அடித்துவிட்டு வந்திருந்தேன். டோக்கன் கொடுக்கிற இடத்தில் வரிசை நகரவில்லை. கம்பிக்கு அந்தப் பக்கம் இருந்த ஆளின் சட்டையைக் கை நீட்டிப் பிடித்துவிட்டேன். பாவம், அவர் என்ன செய்வார்? கம்ப்யூட்டர் வேலை செய்யவில்லை. தம்பிதான் என் கையை விலக்கி, அவரிடம் மன்னிப்புக் கேட்டு, என்னை வெளியே கூட்டிவந்து டீ வாங்கிக் கொடுத்தான். நோயாளி அவனா நானா என்று பார்க்கிறவர்களுக்குச் சந்தேகம் வந்திருக்கும்.

அதற்கு முந்தின ஒரு மாதமாகவே நான் யாரோடும் நல்லபடியாகப் பேசவில்லை. பட்டறைக்கு வந்தவர்களிடம் எரிந்து விழுந்தேன். வீட்டில் சோற்றில் கை வைத்துவிட்டு எழுந்து போனேன். அவன் ஊசி போட்டுக்கொண்டு சிரித்த முகமாக இருந்தால் அதற்கும் கோபம் வந்தது. கையில் துண்டுச்சீட்டு வந்ததும் எல்லாம் நின்றது. வந்திருந்த வேலைகளை ஒதுக்கிவிட்டு அலுமினிய ராடை லேத்தில் மாட்டினேன். இருபத்தாறு உயரத்துக்கு வெறும் வளையம் ஆடும், ஸ்பிரிங் துப்பாக்கி சுடும்போது முன்னாலும் பின்னாலும் இரண்டு பக்கமும் உதைக்கும். அதற்காக ரிங்கின் அடிப்பாகத்தை அகலமாக்கி, பக்கத்துக்கு இரண்டு போல்ட் வைத்தேன். யோசிக்க யோசிக்க நன்றாக இருந்தது. மத்தியானம் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டபோது போய் உட்கார்ந்து இரண்டாம் தடவை குழம்பு ஊற்றச் சொன்னேன்.

ரிங்கை மாட்ட துப்பாக்கியைக் கொண்டுவந்தான். சாக்கைச் சுற்றி வைஸ் இடுக்கியில் நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு மேலே இறுக்கினேன். ஒரு தடவை சுட்டுப் பார்க்கலாமா என்றதற்கு, குண்டு இல்லாமல் சுட்டால் ஸ்பிரிங் போய்விடும், குறி பார்க்கிற வேலையை நிலத்தில் நானே செய்துகொள்கிறேன் என்றான். நியாயமாகத்தான் பட்டது. போகிறபோது கழிவுத் தட்டிலிருந்து பழைய நட்டு ஏழெட்டு எடுத்துக்கொண்டான். காற்றில் டின் ஆடுகிறது, உள்ளே கனம் வைக்கவேண்டும் என்றான். எடுத்துக்கொள்ளடா என்றேன்.

ஆடி மாதம் அடுத்த சீட்டு வந்தது. முப்பத்து மூன்று. மறுபடி ராடு, மறுபடி வெர்னியர், மறுபடி எனக்கு நல்ல பசி. என் மனைவி பரிமாறிக்கொண்டே சொன்னாள், ரிங்கு செய்கிற நாளில்தான் இந்த வீட்டில் ஆள் மாதிரி சாப்பிடுகிறீர்கள் என்று. தம்பியும் கூட உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான். அவன் எங்கள் பக்கம் திரும்பவில்லை. கழுத்தைத் திருப்ப அவனால் முடியாது என்பதால் நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

நிலத்துக்கு நான் அதிகம் போவதில்லை. போகிற சமயத்தில் மடியில் துப்பாக்கியோடு உட்கார்ந்திருப்பான். மயில் இறங்காமல் இருக்கக் கலர் ரிப்பனும் கயிறும் நிலம் முழுக்க இழுத்துக் கட்டியிருந்தான், எல்லா நிலத்திலும் அப்படித்தான் கட்டுவார்கள். மலையடி ரோட்டில் போகிறவர்கள் பட்டறைக்கு வந்தால், உன் தம்பி டின்னை விடாமல் அடித்துக்கொண்டிருக்கிறான், இந்த வருஷம் உங்கள் மல்லாட்டை தப்பித்தது என்பார்கள். எனக்குப் பெருமையாக இருக்கும். அவன் சுடுகிறான் என்றால் என் ரிங் பிடித்து நிற்கிறது என்று அர்த்தம்.

இந்த வருஷம் ஆயுத பூஜைக்கு முதல் நாளே துப்பாக்கியைப் பட்டறையில் கொண்டுவந்து வைத்துவிட்டான். பூஜை நாளில் படைத்த ஆயுதத்தை எடுத்து வேலை செய்யக்கூடாது என்பதால் மறுநாள் காலையில்தான் திருப்பிக் கொடுப்போம். காய் முற்றியிருக்கிற நேரம், ஒரு நாள் விட்டாலும் குரங்கு அழித்துவிடும் என்று அவன் மட்டும் பூஜை அன்றும் காலையிலேயே நிலத்துக்குப் போய்விட்டான். நான் மெஷின்களைத் துடைக்க ஆரம்பித்தேன். போன வருஷத்துப் பொட்டு அங்கங்கே காய்ந்து கிடந்தது. லேத்தில் கை படாத இடத்தில் வைத்த சந்தனம் வருஷக் கணக்கில் நிற்கும். கைப்பிடிகளில் வைத்தது அடுத்த நாளே போய்விடும். அதைப் பார்த்தே எந்த மெஷின் எவ்வளவு ஓடியது என்று சொல்லிவிடலாம்.

துப்பாக்கியைத் துடைக்கக் கவிழ்த்தேன். அடிப்பக்கத்தில், குழல் மடங்குகிற மூட்டின் மேல், என் மனைவி அப்பிய சந்தனம் அப்படியே இருந்தது. காய்ந்து சுண்ணாம்பாகி, நடுவில் குங்குமம் கறுத்துப்போய், ஆனால் ஒரு விரிசல் இல்லாமல். பாதிப் பொட்டு குழலில், பாதிப் பொட்டு உடம்பில். அந்தக் குழலை ஒரே ஒரு தடவை மடக்கியிருந்தாலும் அது உடைந்து உதிர்ந்திருக்கும். துணியைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தேன். வேறு பொட்டாக இருக்குமோ, இடையில் யாராவது வைத்திருப்பார்களோ என்று மனைவியைக் கூப்பிட்டுக் கேட்டேன். போன வருஷம் நீங்கள் கத்தினீர்களே, அந்தப் பொட்டுதான் என்றாள்.

பூஜை முடிந்ததும் பொரியும் சுண்டலும் ஒரு பையில் எடுத்துக்கொண்டு நிலத்துக்குக் கிளம்பினேன். பைக்கை ரோட்டில் நிறுத்திவிட்டு வரப்பில் நடந்தேன். பாதி தூரத்தில் டங்கென்று சத்தம் கேட்டது. கொஞ்சம் விட்டு இன்னொரு டின், டங். துப்பாக்கி அங்கே பட்டறையில் மாலையோடு இருக்கிறது. நான் நின்றுவிட்டேன். அப்புறம் நடந்தேன்.

வேம்பின் கீழே நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். முதுகு எனக்குத் தெரிந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு இரண்டு காலிலும் நைலான் கயிறுகளைச் சுற்றியிருந்தான், கட்டைவிரலில் ஒன்று, கணுக்காலில் ஒன்று என்று. கை இரண்டிலும் மீதி. ஒவ்வொரு கயிறும் ரிப்பன்களோடு ரிப்பனாக ஓடி ஒவ்வொரு டின்னுக்கும் போயிற்று. காலை நீட்டினால் கிழக்குப் பனையில் டங். உள்ளே ஆடுவது என் பட்டறை நட்டு. மலைப்பக்கம் இறங்கிய கூட்டம் தயங்கித் தயங்கித் திரும்பிக்கொண்டிருந்தது. அவன் முகம் அந்தப் பக்கமே இருந்தது, வேறு பக்கம் திருப்ப முடியாது. அவன் நாற்காலிக்குப் பின்னால் பத்தடி தூரத்தில், ஒரு தாய்க் குரங்கு குட்டியை வயிற்றில் போட்டுக்கொண்டு சாவகாசமாக உட்கார்ந்து செடியைப் பிடுங்கித் தின்றுகொண்டிருந்தது. அதைச் சுற்றி ஒரு பாத்தி அளவு வெற்றிடம். நேற்றும் அதற்கு முந்தின நாளும் அங்கேயே உட்கார்ந்து தின்றிருக்க வேண்டும்.

என்னைப் பார்த்ததும் குரங்கு எழுந்து போயிற்று. அவன் திரும்பவில்லை.

"அண்ணாவா? கட்டிங் ஆயில் வாசனை வருது" என்றான். பிறகு, "பின்னாடி இருந்தது போய்டுச்சா?" என்று கேட்டான்.

போய்விட்டது என்றேன். முன்னால் போய் வரப்பில் உட்கார்ந்தேன், அவனுக்குத் தெரிகிற இடத்தில். காலில் கயிற்றோடு அவன் என்னைப் பார்த்தான். மறைக்க முயற்சி செய்யவில்லை. எத்தனை நாளாக என்று கேட்டேன். போன வருஷம் ஆயுத பூஜை வரைக்கும் சுட்டதாகவும், அதற்குப் பிறகு ஒரு நாளும் இல்லை என்றும் சொன்னான்.

"பதினெட்டு நல்லா இருந்துச்சுணா. ரிங்குல ஒரு குறையும் இல்ல. பேரலை மடக்க முடியல. அதுக்கு முதுகு வளையணும் இல்ல" என்றான்.

இத்தனை நாள் நான் அவன் கண்ணுக்கும் கட்டைக்கும் நடுவே இருந்த தூரத்தை அளந்துகொண்டிருந்தேன். துப்பாக்கியை மடக்குவதற்கு மனிதன் மடங்கவேண்டும் என்பது, நாள் முழுக்க இரும்பை மடக்குகிற எனக்குத் தோன்றவில்லை. வேறு ரகம் இருக்கிறதே, பக்கத்தில் நெம்புகோல் வைத்தது, காற்றை அடைத்துவைத்துச் சுடுவது என்று நான் ஆரம்பித்தேன். அவன் கையைக் காட்டி நிறுத்தினான். தோளும் பிடித்துக்கொண்டுவிட்டது. துப்பாக்கியை முகத்துக்குத் தூக்கவே முடியவில்லை என்றான். அதை அவன் வருத்தமாகச் சொல்லவில்லை, கரண்ட் இல்லை என்று சொல்கிற மாதிரி சொன்னான்.

பிறகு எதற்கடா சீட்டு எழுதிக் கொடுத்தாய் என்று கேட்டேன். இருபத்தாறும் முப்பத்து மூன்றும் எதற்கு? அவன் மேற்குப் பக்கத்துக் கயிற்றை ஒரு தடவை இழுத்துவிட்டான்.

"நீ டோக்கன்காரன் சட்டையப் புடிச்சியே, அன்னிக்கு எனக்குப் பயமா போய்டுச்சுணா. என்னால உனக்கு ஏதாச்சும் ஆயிடுமோன்னு. உனக்குச் சும்மா இருக்கத் தெரியாது. ரிங்கு செய்யற நாள்ல நீ நல்லா இருக்கற. சாப்புடற. அண்ணிகூட சிரிக்கறாங்க. நான் வேற இன்னா குடுக்க முடியும் உனக்கு?"

எனக்குக் கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன், வரவில்லை. அழுகை வந்தது. நாற்பத்தாறு வயதில் வரப்பில் உட்கார்ந்து, மடியில் பொரிப் பையோடு, வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். அவன் குனிந்து என் தோளைத் தொட முடியாது. நாற்காலியோடு நகர்ந்து வந்து, கயிறு சுற்றிய காலை நீட்டி, பாதத்தால் என் முழங்காலை மெல்லத் தட்டினான். அவன் தட்டியதில் கிழக்குப் பனையில் டின் ஒலித்தது. இரண்டு பேரும் அந்தப் பக்கம் பார்த்தோம். சிரிப்பு வரவேண்டிய இடம்தான்.

ஒரு கட்டத்தில் அழுகை தானாக நின்றது. பொரியைப் பிரித்து அவன் கையில் கொடுத்தேன். அவன் தின்றான். சூரியன் மலைக்குப் பக்கத்தில் போயிருந்தது. கிளம்புவதற்கு எழுந்தவன், அப்படியே போக முடியாமல் நின்றேன்.

"அந்த நம்பருங்க எல்லாம் நீ சும்மா எழுதினதா?" என்று கேட்டேன்.

"சேச்சே. நம்பர் பொய்யில்லணா. உன்கிட்ட அளவுல விளையாட முடியுமா? தூக்க முடியலன்னாலும் துப்பாக்கிய மேசைல முட்டுக் குடுத்து, அத மட்டும் மாசா மாசம் சரியா அளந்துதான் வச்சிருக்கேன்."

"இப்போ எவ்ளோ?"

சட்டைப் பையிலிருந்து சீட்டை எடுத்து நீட்டினான். முன்கூட்டியே எழுதி வைத்திருந்தான், பூஜை முடிந்து கொடுப்பதற்காக. முப்பத்தேழு. ஆடியிலிருந்து இதற்குள் நாலு எம்.எம். நாலு எம்.எம். என்பது என் தொழிலில் மிகப் பெரிய அளவு. வாங்கி மடித்து நானும் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலையில் பட்டறையைத் திறந்து, பொட்டு ஈரம்கூடக் காயாத லேத்தில் அலுமினிய ராடை மாட்டினேன். யாரும் இதன் வழியாகப் பார்க்கப்போவதில்லை என்று தெரியும். அவன் பார்க்கப்போவதில்லை என்று எனக்குத் தெரியும், எனக்குத் தெரியும் என்று அவனுக்கும் தெரியும். இருந்தும் உள்வட்டத்தை இருபத்தைந்து புள்ளி நாலுக்குக் கொண்டுவந்தேன். முப்பத்தேழு என்றால் முப்பத்தேழு, ஒரு நூல்கூட விடவில்லை. ஓரங்களுக்கு உப்புத்தாள் போட்டு, பர் என்கிற பிசிறை எடுத்து, துப்பாக்கியிலிருந்து கழற்றிய முப்பத்து மூன்றுக்குப் பக்கத்தில், அலமாரியின் மேல்தட்டில் ஆறாவதாக வைத்தேன்.

மத்தியானம் தம்பியும் நானும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தோம். அன்றைக்கு நான் நன்றாகச் சாப்பிட்டேன் என்று என் மனைவி சொன்னாள்.